லோகோ வரையத் தொடங்குபவர் முதலில் பழக வேண்டியவை

லோகோ வரையக் கற்க வேண்டும், எந்த மென்பொருளில் தொடங்கலாம், முதலில் எதைப் பழகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மென்பொருளுக்கான பதில் சின்னது. செலவில்லாமல் தொடங்க இங்க்ஸ்கேப் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கோப்பை எஸ்விஜி வடிவத்திலேயே சேமிக்கும்; படத்தைப் பிக்சல்களாக அல்லாமல் கோடுகளாகவும் வளைவுகளாகவும் பதிந்துவைக்கும் வெக்டர் வடிவம் அது. அடோபி இல்லஸ்ட்ரேட்டரோ கோரல்டிராவோ ஏற்கெனவே கையில் இருந்தால் அதிலேயே தொடருங்கள். கீழே சொல்வது ஏறக்குறைய எல்லாம் அவற்றிலும் உண்டு, மெனுவின் பெயர்தான் மாறும். விசைகளை இங்க்ஸ்கேப்பை வைத்துச் சொல்கிறேன். ஃபோட்டோஷாப், கிம்ப் இரண்டும் இந்த வேலைக்கு வேண்டாம். அவை பிக்சல்களை நிரப்பி வரைபவை. 512 பிக்சலில் வரைந்ததைப் பெயர்ப்பலகை அளவுக்கு இழுத்தால் ஓரமெல்லாம் படிக்கட்டாகிவிடும்.

இரண்டாவது கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். புதிதாக வருபவர்கள் கிரேடியன்ட், நிழல், எஃபெக்ட் என்று தேடிப் போகிறார்கள். லோகோவில் கால் இடறும் இடம் அதுவல்ல. திரையில் அழகாகத் தெரியும் படம் கோப்புக்குள் வேறு மாதிரி இருக்கும்: ஒரு பகுதியை வெட்டுவதற்குப் பதிலாக அதன்மேல் வெள்ளை வட்டத்தை வைத்து மறைத்திருப்பார்கள், கோட்டின் தடிமனை வடிவமாக மாற்றாமல் விட்டிருப்பார்கள், ஒன்றாகத் தெரியும் உருவம் ஐந்து துண்டுகளாகக் கிடக்கும். அச்சகத்துக்கோ ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டருக்கோ போகும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். பிளாட்டரின் கத்திக்கு நிறம் தெரியாது. பாத், அதாவது வடிவத்தின் எல்லைக் கோடு, எங்கே போகிறதோ அங்கே வெட்டும். ஆகவே கண்ணில் தெரியும் வடிவமும் கோப்பில் உள்ள வடிவமும் ஒன்றாக இருக்கும்படி வரைவதையே முதலில் பழகுங்கள். சரிபார்க்க வழி இருக்கிறது. கன்ட்ரோல் + 5 விசைகளை அழுத்திக்கொண்டே போனால் திரைக்காட்சி ஒவ்வொன்றாக மாறும். அதில் அவுட்லைன் காட்சியில் நிறமெல்லாம் போய் வெறும் பாத் மட்டும் நிற்கும். இல்லஸ்ட்ரேட்டரில் இதற்குக் கன்ட்ரோல் + ஒய். வரையும்போதே அடிக்கடி இப்படிப் பாருங்கள்.

பாத் என்பது நோட் எனப்படும் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் வளைவுகளும்தான். ஒவ்வொரு நோட்டிலிருந்தும் இரு பக்கமும் ஹேண்டில் நீளும். வளைவு எந்தத் திசையில் புறப்படுகிறது, எவ்வளவு தூரம் அந்தத் திசையையே பிடித்துக்கொண்டு போகிறது என்பதை அது தீர்மானிக்கும். இவற்றுக்கு பெசியர் வளைவு என்று பெயர். ரெனோ கார் நிறுவனத்தில் பணிபுரிந்த பியர் பெசியர் என்ற பொறியாளரின் பெயர் அது. பாத் வரையும் பென் டூலுக்குப் பி (B) விசை, நோட்டுகளைத் திருத்த என் (N) விசை.

பென் டூல் எல்லோரையும் முதலில் படுத்தும். இரண்டு பழக்கங்கள் வந்துவிட்டால் பாதி சிரமம் போய்விடும். முதலாவது, நோட்டை வளைவின் உச்சிகளில் வையுங்கள்: மிக மேலே, மிகக் கீழே, மிக இடது, மிக வலது. ஹேண்டில்கள் அங்கே துல்லியமாகக் கிடையாகவோ செங்குத்தாகவோ இருக்க வேண்டும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால் 15 டிகிரி படிகளில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, நோட்டைக் குறைத்து வையுங்கள். முழு வட்டத்துக்கே 4 நோட் போதும். ஒவ்வொரு ஹேண்டிலும் ஆரத்தில் சுமார் 0.552 பங்கு நீளம் இருந்தால் கண்ணால் வேறுபாடு காண முடியாத வட்டம் கிடைக்கும். கால்வட்டத்தின் நடுவே ஐந்தாவது நோட் ஒன்றைப் போட்டால் அந்த இடத்தில் லேசான மேடு தட்டும். சிறிதாகப் பார்க்கும்போது தெரியாது; பலகை அளவுக்குப் போனால் வளைவு நொண்டுவது எல்லோர் கண்ணிலும் படும்.

இதனால்தான் கையால் வரைந்ததைப் படமெடுத்து "ட்ரேஸ் பிட்மேப்" கொடுத்து லோகோ ஆக்குவதைத் தொடக்கத்திலேயே பழகிக்கொள்ள வேண்டாம் என்கிறேன். அது பென்சில் கோட்டின் நடுக்கத்தையெல்லாம் நம்பிக்கையாகப் பின்தொடர்ந்து நூற்றுக்கணக்கில் நோட்டுகளைக் கொட்டும். பிறகு கன்ட்ரோல் + எல் கொடுத்து எளிமையாக்கினால் நோட் குறையும், கூடவே நேர்கோடுகள் தொய்ந்து கூர்முனைகள் மழுங்கும். படத்தைத் தனி லேயரில் வைத்து, ஒளிபுகாத் தன்மையை (ஒபாசிட்டி) 30 சதவீதத்துக்குக் குறைத்து, லேயரைப் பூட்டிவிட்டு, மேல் லேயரில் நீங்களே நோட் வைத்து வரையுங்கள். நேரம் கொஞ்சம் கூடுதலாகும், ஆனால் வரும் வடிவம் சுத்தமாக இருக்கும்.

வரைவதற்கு முன் மூன்று அமைப்புகளைச் சரிசெய்யுங்கள். டாக்குமென்ட் பிராப்பர்ட்டீஸில், அதாவது கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி, அலகு பிக்சல், பக்கம் 512 × 512 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, பிரெஃபரன்சஸில் டூல்ஸ் பகுதிக்குப் போய் பவுண்டிங் பாக்ஸ் (வடிவத்தைச் சுற்றி நின்று அதன் அளவைக் காட்டும் கட்டம்) என்பதை "ஜியோமெட்ரிக்" ஆக மாற்றுங்கள். இதை மாற்றாவிட்டால் 240 பிக்சல் வட்டத்தோடு கோட்டின் தடிமனையும் சேர்த்து அளந்து, நீங்கள் தட்டிய எண்ணுக்கும் உண்மையான வடிவத்துக்கும் பொருந்தாமல் போகும். எண் போட்டும் ஏன் சேரவில்லை என்று குழம்புபவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். மூன்றாவது, தேர்வுக் கருவியின் மேல்பட்டையில் "பொருளோடு கோட்டின் தடிமனும் மாறட்டும்" என்ற பொருளுடைய சின்ன பொத்தான் இருக்கிறது, அது அழுத்தப்பட்டிருக்கட்டும். இல்லாவிட்டால் லோகோவைப் பாதியாகச் சுருக்கும்போது கோடு மட்டும் பழைய தடிமனிலேயே நின்று உருவம் கனத்துப்போகும்.

இனி ஒரு பயிற்சி. இலை வடிவச் சின்னம் ஒன்றை எண்களை வைத்தே கட்டுவோம். இ (E) விசையை அழுத்தி, கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ஒரு வட்டம் வரையுங்கள். ஃபில் (உள்நிறம்) கறுப்பு, ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) இல்லை. எஸ் விசையால் தேர்வுக் கருவிக்கு வந்து மேலே உள்ள பெட்டிகளில் எக்ஸ் 66, ஒய் 136, அகலம் 240, உயரம் 240 என்று கொடுங்கள். கன்ட்ரோல் + டி கொடுத்து நகலெடுத்து, நகலின் எக்ஸை மட்டும் 206 ஆக்குங்கள். இரு வட்டங்களின் மையங்களுக்கும் இடையே இப்போது 140 பிக்சல். இரண்டையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + * கொடுத்தால் இரண்டுக்கும் பொதுவான பகுதி மட்டும் மிஞ்சும்: அகலம் 100, உயரம் சுமார் 195, இரு முனையும் கூர்மை. என் விசையை அழுத்தி எண்ணிப் பாருங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று, ஆக 4 நோட். கூடுதலாக இருந்தால் வட்டங்கள் சரியான இடத்தில் இல்லை, அல்லது வேறு ஏதோ வடிவமும் தேர்வில் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

நடுநரம்புக்குப் பென் டூலால் எக்ஸ் 256 வழியே செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். இலையின் நடுவுக்குச் சற்று மேலே தொடங்கி, கீழ்முனையைத் தாண்டி முடியட்டும். தடிமன் 12 பிக்சல், முனை உருண்டை. இப்போது நேரடியாக இலையிலிருந்து இதைக் கழித்துப் பாருங்கள், நினைத்தது நடக்காது. வெட்டுவது, சேர்ப்பது போன்ற செயல்கள் எல்லாம் பாத்தை மட்டுமே பார்க்கும், ஸ்ட்ரோக்கின் தடிமனைப் பார்க்காது. உங்கள் கண்ணுக்கு 12 பிக்சல் அகலப் பட்டையாகத் தெரிவது கோப்புக்கு அகலமே இல்லாத ஒரு கோடு. கன்ட்ரோல் + ஆல்ட் + சி கொடுத்து ஸ்ட்ரோக்கைப் பாத் ஆக மாற்றுங்கள். அவுட்லைன் காட்சியில் பார்த்தால் ஒற்றைக் கோடு இருந்த இடத்தில் நீள்வடிவம் தெரியும். பிறகு இரண்டையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + - கொடுங்கள். மேலே இருப்பது கீழே இருப்பதை வெட்டும் என்பதே விதி. இலையே மறைந்து நரம்பின் துண்டு மட்டும் மிஞ்சினால் அடுக்கு வரிசை தலைகீழாக இருக்கிறது. கன்ட்ரோல் + இசட் கொடுத்து, நரம்பைத் தேர்ந்தெடுத்து ஹோம் விசையால் மேலே கொண்டுவந்து மறுபடி செய்யுங்கள்.

முடிந்ததும் இலையின் உயரத்தைப் பாருங்கள். கீழே ஏறக்குறைய 4.6 பிக்சல் குறைந்திருக்கும். முனைக்கு அருகே இலையின் அகலமே 12 பிக்சலுக்குக் கீழ் என்பதால் அந்தப் பகுதி முழுதும் வெட்டில் போய்விட்டது. இது பிழையல்ல. ஆனால் வட்டத்துக்குள்ளோ எழுத்துக்குப் பக்கத்திலோ இந்தச் சின்னத்தை நடுவாக வைக்கும்போது பழைய உயரத்தை நம்பக் கூடாது.

இதே சின்னத்தை 16 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கினால், அதாவது உலாவியின் தாவலில் வரும் அளவுக்கு, 12 பிக்சல் நரம்பு ஏறக்குறைய 1 பிக்சலாக ஆகும். பிக்சல் கட்டத்தோடு பொருந்தாமல் இரண்டு பிக்சலில் பரவி, வெட்டு இருக்கிற இடம் சாம்பல் நிறப் புகையாகத் தெரியும். சின்ன அளவுக்கென்று நரம்பை 24 பிக்சலாக்கித் தனிப் பதிப்பு வைத்துக்கொள்வதுதான் வழி. லோகோ என்றால் ஒரே கோப்பு, அதையே எல்லா அளவுக்கும் சுருக்கிக்கொள்ளலாம் என்பது பாதி உண்மை. வெக்டர் எந்த அளவுக்கும் சிதையாமல் மாறும். அந்த அளவில் படிக்கவும் முடியும் என்பதற்கு அது உத்தரவாதம் தராது. ஆகவே வரையும்போதே பக்கத்தின் ஓரத்தில் 64, 32, 16 பிக்சல் உயரத்தில் மூன்று நகல்களை வைத்து, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அவற்றையும் பாருங்கள். பெரிய படத்தில் அழகாக இருந்து 32இல் மறைந்துபோகும் நுணுக்கம் பெரும்பாலும் தேவையில்லாத நுணுக்கம்.

அடிக்கடி வரும் வேறு சில கோளாறுகள். ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இரண்டு நிற வடிவங்களுக்கு இடையே மெல்லிய வெள்ளைக் கீற்று தெரியும். விளிம்புப் பிக்சல்களை மென்மையாக்கும்போது இரண்டு வடிவமும் தனித்தனியே பின்னணியோடு கலப்பதால் வருவது அது. நகர்த்தி நகர்த்திப் பார்த்தாலும் போகாது. கீழே உள்ள வடிவத்தை மேலுள்ளதன் அடியில் ஓரிரு பிக்சல் நீட்டிவிட்டால் போய்விடும். ஒரே நிறமானால் கன்ட்ரோல் + + கொடுத்து ஒன்றாக்கிவிடுங்கள். கன்ட்ரோல் + ஜி கொடுத்துக் குழுவாக்குவது ஒன்றாக்குவதாகாது. வளைந்த மூலையுள்ள சட்டம் வரையும்போது வெளி மூலைக்கும் உள் மூலைக்கும் ஒரே ஆரம் கொடுத்தால் மூலையில் கனம் கூடும். வெளி ஆரத்திலிருந்து சட்டத்தின் தடிமனைக் கழியுங்கள்: வெளியே 40, தடிமன் 12 என்றால் உள்ளே 28.

கணக்குப்படி சரியாக இருந்தும் கண்ணுக்குத் தப்பாகத் தெரிபவை தனி வகை. இவற்றில் கணக்கை விட்டுவிட்டுக் கண்ணைத்தான் நம்ப வேண்டும். 100 பிக்சல் சதுரத்துக்குப் பக்கத்தில் 100 பிக்சல் வட்டம் சின்னதாகவே தெரியும். பரப்பு சமமாக விட்டம் சுமார் 113 வேண்டும். அது சற்று அதிகமாகப் படும், 106இலிருந்து 110க்குள் எங்காவது நிறுத்தலாம். வட்டத்துக்குள் முக்கோணத்தை "அலைன்" கருவியால் நடுவில் வைத்தால் அது அடிப்பக்கமாகச் சாய்ந்து தெரியும். கருவி முக்கோணத்தைச் சுற்றியுள்ள கட்டத்தின் நடுவைப் பிடிக்கிறது. முக்கோணத்தின் எடைமையமோ அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறது. உயரத்தில் ஆறில் ஒரு பங்கு முனைப் பக்கமாக நகர்த்துங்கள். உயரம் 60 என்றால் 10 பிக்சல். கறுப்புப் பின்னணியில் வைக்கும் வெள்ளை லோகோ சற்றுத் தடித்துத் தெரியும். மெல்லிய இடைவெளிகள் உள்ள லோகோவானால் அந்தப் பதிப்பை மட்டும் ஒரு துளி மெலிதாக்க வேண்டியிருக்கும்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கடைசியில் சேர்த்தால் போதும். லோகோ முழுதும் ஒரே கறுப்பில் நிற்க வேண்டும். முத்திரை, செதுக்கல், ஒற்றை நிற அச்சு எல்லாவற்றுக்கும் அதுதான் போகும். கறுப்பில் அடையாளம் தெரியாத லோகோவை நிறம் காப்பாற்றாது. சேர்க்கும்போது இரண்டு நிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திரையில் பளிச்சென்று எரியும் பச்சையும் நீலமும் அச்சின் நான்கு மைகளில் அப்படியே வராது, மங்கும். இங்க்ஸ்கேப் அடிப்படையில் ஆர்ஜிபியில்தான், அதாவது திரையின் சிவப்பு, பச்சை, நீலக் கலவையில்தான் வேலை செய்கிறது. அச்சகம் சிஎம்ஒய்கே, அதாவது அந்த நான்கு மைகளில் அமைந்த பிடிஎஃப் கேட்டால் எஸ்விஜியை ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் திறந்து, அங்கே நிறத்தை மைகளின் சதவீதமாகக் கொடுத்து ஏற்றுமதி செய்யலாம். கறுப்பு எழுத்தானால் கறுப்பு மை மட்டும் 100, மற்ற மூன்றும் 0. நான்கு மையும் கலந்த கறுப்பில் சிறிய எழுத்து இருந்தால், அச்சுத் தகடு மயிரிழை நகர்ந்தாலும் ஓரத்தில் நிறம் கசிந்து தெரியும்.

எழுத்துக்கு வருவோம், இங்கேதான் தமிழில் வடிவமைப்பவர்களுக்குக் கூடுதல் வேலை. முதலில் யூனிகோட் எழுத்துருவையே எடுங்கள். பழைய குறியாக்க எழுத்துருவில் தட்டினால் வேறு கணினியில் திறக்கும்போது பெயர் முழுதும் ரோமன் எழுத்துக் குப்பையாகிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரான் போன்றவை ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் கிடைப்பவை, லோகோவில் பயன்படுத்தத் தடையில்லை. வேறு எந்த எழுத்துருவானாலும் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டா என்று உரிமத்தைப் படியுங்கள். இலவசமாகத் தரவிறங்கியது என்பது அனுமதி ஆகாது. இங்க்ஸ்கேப் தமிழை நேராகக் காட்டும். இல்லஸ்ட்ரேட்டரில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், பிரெஃபரன்சஸில் டைப் பகுதியில் இந்திய மொழி வசதியை இயக்கி, பாராகிராஃப் பட்டியலில் "வேர்ல்ட்-ரெடி" கம்போசரைத் தேர்ந்தெடுங்கள்.

எழுத்துருவில் தட்டிய பெயரை அப்படியே விட்டால் அது லோகோ ஆகாது, இடைவெளியைச் சரிசெய்தாக வேண்டும். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + சி கொடுத்துப் பாத் ஆக்கி, கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஜி கொடுத்துக் குழுவைப் பிரித்து, எழுத்து எழுத்தாக நகர்த்துங்கள். அதற்கு முன், தட்டச்சு நிலையிலேயே ஒரு நகலைத் தனி லேயரில் ஒளித்து வையுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாற வேண்டும் என்று யாராவது சொல்வார்கள், கட்டாயம் சொல்வார்கள். தமிழில் இடைவெளி பிரிக்கும்போது 'கொ' போன்ற எழுத்தின் கொம்பும் மெய்யும் காலும் ஒரே அலகாக நகர வேண்டும். பாத் ஆன பிறகு அவை தனித்தனித் துண்டு என்பதால் ஒவ்வொரு எழுத்தையும் முதலில் குழுவாக்கிக்கொள்ளுங்கள். புள்ளியைக் கவனியுங்கள். தடித்த எழுத்துருக்களில் பெரிய அளவில் நன்றாக இருக்கும் புள்ளி, சிறிய அளவில் கீழே உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது காணாமலே போகும். 'க்' 'க' ஆகிவிடும். புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கி, சற்று மேலே தூக்குங்கள். 'ண', 'ழ', 'றி' போன்றவற்றின் சுழிகளும் உள்வெளிகளும் முதலில் அடைபடும். 32 பிக்சல் நகலில் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எழுத்தின் நடுவே எங்காவது ஓட்டை மூடிப்போய்க் கறுப்பாகத் தெரிந்தால் உள் பாத்தும் வெளிப் பாத்தும் பிரிந்துவிட்டன என்று அர்த்தம். இரண்டையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + கே கொடுத்தால் ஓட்டை திரும்பிவிடும்.

முடிந்த லோகோவை ஒப்படைக்கும் முன் நகலெடுத்த கோப்பில் இதைச் செய்யுங்கள்: எல்லா எழுத்தும் எல்லா ஸ்ட்ரோக்கும் பாத் ஆகட்டும், ஒரே நிறத்தில் தொடும் துண்டுகள் ஒன்றாகட்டும், மறைந்து கிடக்கும் பழைய வடிவங்கள் நீங்கட்டும். பின்னணியில் அடர்நிறச் சதுரம் ஒன்றை வைத்துப் பாருங்கள்; எங்காவது வெள்ளைத் திட்டு தெரிந்தால் அங்கே வெட்டாமல் மறைத்திருக்கிறீர்கள். பிறகு சதுரத்தை நீக்கிவிட்டு கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஆர் கொடுத்தால் பக்கம் லோகோவின் அளவுக்கே சுருங்கும்.

கொடுக்க வேண்டிய கோப்புகள்: இணையத்துக்கு "பிளெய்ன் எஸ்விஜி", அச்சுக்கு பிடிஎஃப், மற்ற எல்லோருக்கும் பின்னணி இல்லாத பிஎன்ஜி, நீளப் பக்கம் 2000 பிக்சல் அளவில். ஒவ்வொன்றிலும் வண்ணம், கறுப்பு, வெள்ளை என மூன்று பதிப்பு. கூடவே முன்பு சொன்ன சின்ன அளவுப் பதிப்பு. ஜேபிஜி கொடுக்காதீர்கள். அதில் ஒளிபுகும் பின்னணி கிடையாது, தட்டையான நிறத்தின் ஓரங்களில் அழுக்குப் படிந்ததுபோலப் புள்ளிகளும் சேரும். மங்கல், நிழல் போன்ற ஃபில்டர்கள் எங்காவது மிஞ்சியிருந்தால் பிடிஎஃப்பில் அவை பிக்சல் படமாக மாறிவிடும் என்பதால் அந்தக் கோப்பைத் திறந்து 1600 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஓரங்களைப் பாருங்கள். யாராவது இல்லஸ்ட்ரேட்டர் கோப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பிடிஎஃப்பையே அனுப்பலாம். இல்லஸ்ட்ரேட்டர் அதைத் திறக்கும், எல்லா நோட்டும் திருத்தக்கூடியதாகவே இருக்கும்.